இரண்டு விரற்கடை

செத்துப்போன ஏர்கூலரின் வயிற்றிலிருந்து
உள்ளங்கை அளவு மோட்டாரைக் கழற்றினேன்.
நீல பேரலைப் பாதியாக அறுத்துப்
பாதி மண்ணில் புதைத்தேன்.
கல்லுக்குத்தான் அலைச்சல்.
சாக்கோட்டைச் சாலையில் பாலம் இடித்த இடத்தில்
கிடந்தது ஒரு செம்பூராங்கல்,
கறையான் தின்ற கதவுபோல் உள்ளெல்லாம் ஓட்டை.
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ள
நான் முழங்கால்களை அகட்டிப்
புதுவயல் வரைக்கும் வந்தேன்,
ஆட்டுக்குட்டி ஏற்றி வருகிறவள் மாதிரி.

தண்ணீருக்கா பஞ்சம்?
ஆர்.ஓ. மெஷின் ஒரு குடம் தருவதற்கு
இரண்டு குடம் துப்புகிறது.
துப்பியதை இத்தனை நாள் சாக்கடை குடித்தது.

"குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீரா?"
மதிலுக்கு மேலே அடைக்கம்மையின் தலை.
அவள் வீட்டில் கார் வாரம் இருமுறை குளிக்கும்.
நான் அதைச் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

சுவிட்சைப் போட்டேன்.
கல் முதலில் குடித்தது.
கால் மணி நேரம் குடித்தது.
செம்மண் நிறத்தில் ஒருமுறை வாந்தியெடுத்தது.
பிறகு ஓட்டை ஓட்டையாக வியர்த்து
உச்சியிலிருந்து
ஒரே ஒரு நூல் இறங்கியது.

அன்றிரவு வீரசேகரன் மூன்று முறை எழுந்து போனார்.
"இது அருவி இல்லடி.
யாரோ ஒருத்தன் விடிய விடிய
ஒன்னுக்குப் போற சத்தம்."
பகலெல்லாம் ஆலை எடைமேடையில்
நெல் லாரிகள் உறுமக் கேட்கிற காது.
அதற்கு இதுதான் பொறுக்கவில்லையாம்.

மறுநாள் ராத்திரி அவர் கட்டிலில்,
நான் டார்ச்சுடன் தோட்டத்தில்.
"இன்னும் இறக்கு."
குழாயை இரண்டு விரற்கடை இறக்கினேன்.
"இப்ப யாரோ வாய் கொப்பளிக்கிறாங்க."
கல்லைச் சாய்த்தேன்.
நூல் விழும் இடத்தில்
மூலை உடைந்த ஆத்தங்குடிக் கல்லைச் செருகினேன்.
"இப்ப?"
பதில் இல்லை.
"இப்ப எப்படி?"
சன்னல் வழியாகக் குறட்டை வந்தது.

புரட்டாசியில் டெங்கு ஒழிப்புக்கு வந்தாள் அமலோற்பவம்.
சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு,
கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்துக்கொண்டே வந்தவள்
பேரல் முன்னால் நின்றாள்.
மோட்டார் என் வயிற்றில் ஓடியது.
குனிந்து டார்ச் அடித்தாள். புழு இல்லை.
"நிக்கிற தண்ணிக்குத்தான் நோட்டீஸ்.
ஓடுற தண்ணிக்கு ஃபாரத்துல கட்டமே இல்ல."
செருப்பைக் கழற்றினாள்.
சிதறல் நனைத்த தரையில்
பாதங்களை வைத்துக்கொண்டு நின்றாள்.
காலையிலிருந்து நூற்றுநாற்பது வீடாம்.
சுவரில் ஒட்டிய அட்டையில் கையெழுத்து மட்டும்தான் போடவேண்டும்,
அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

இப்போது கல் நரைத்துவிட்டது. உப்பு.
புளி வைத்துத் தேய்த்தால் போகும்,
தேய்க்கவில்லை.
காற்று திரும்புகிற நாளில்
ஆலையின் உமிச்சாம்பல் வந்து மிதக்கும்,
பழைய பனியனால் வடிக்கிறேன்.
காலை பத்து மணிக்கு ஒரு குளவி
ஈரத்தில் நின்று குடித்துவிட்டு
மதில் தாண்டிப் போகும்.
அங்கே கூடு கட்டுகிறதாம்,
அடைக்கம்மை அதற்கும் என்னைத்தான் திட்டுகிறாள்.

சித்திரையில் ஒரு புதன்கிழமை
பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள்.
ஐந்து மணிக்கு வரவேண்டியது
ஏழாகியும் வரவில்லை.
முருங்கை அப்படியே இருந்தது,
செம்பருத்தி அப்படியே இருந்தது,
வீடுதான் காது அடைத்தமாதிரி இருந்தது.
நிற்கிற தண்ணீர்.
அமலோற்பவத்தின் நோட்டீஸ் ஞாபகம் வந்து
கலக்கிவிடலாம் என்று கரண்டியோடு போனேன்.

இருட்டில் ஏற்கெனவே வீரசேகரன்.
சொம்பால் மொண்டு மொண்டு
கல்லின் உச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தார்,
தலையை ஒரு பக்கம் சாய்த்து
சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டபடி.

"இன்னும் கொஞ்சம் இறக்கி ஊத்துங்க"
என்றேன்.